மூடு அக்காவின் நொதிகள்

காற்றுப் புகாத கண்ணாடிப் பெட்டியின் ஓரங்களை விரலால் தடவிக்கொண்டே வருகிறார். ரப்பர் விளிம்பில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் அந்த விரலுக்குத் தெரிந்துவிடும். அடுத்து, யாரோ குடித்துவிட்டு வைத்த தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகுகிறார். "எதையும் தொறந்து போட்டுட்டுப் போகாதீங்கப்பா." ஆய்வகத்தில் அவர் பெயரே 'மூடு அக்கா'தான்.

"வீட்ல நான் வாயைத் தொறந்தாலும் இதே கதைதான்," என்கிறார் அக்காவின் கணவர்.

இருபத்திரண்டு வருடங்களாக ஆய்வக உதவியாளர். குளத்துச் சேற்றில் வாழும் நுண்ணுயிர்களை வளர்க்கிறார். அவற்றிலிருந்து பிரித்தெடுக்கும் ஒரு நொதி, மின்சாரம் கொடுத்தால் தண்ணீரில் இருக்கும் ஹைட்ரஜனை இரண்டிரண்டாகக் கோத்து வாயுவாக்கிவிடும். அந்த வாயு எரிந்தால் புகை இல்லை, தண்ணீர்தான் மிஞ்சும். இயந்திரங்களில் இதே வேலைக்கு விலையுயர்ந்த பிளாட்டினம் வேண்டும்.

"இதுங்களுக்குத் துளி இரும்பும் நிக்கலும் போதும். ஆனா காத்து பட்டா சுருண்டுரும். அவ்ளோ ரோஷம்!"

"நொதிக்கு உயிர் கிடையாதுக்கா," என்று திருத்துவார் ஆய்வகத் தலைவி. கறாரான விஞ்ஞானி.

"உயிர் இல்லாததுக்கா மூச்சு முட்டுது?"

ஆய்வகத்தைப் பார்க்க நான் போயிருந்த அன்று காலை, பெட்டிக்குள் நீளும் ரப்பர் கையுறை ஒன்று மணிக்கட்டருகே கிழிந்தது. உள்ளே, இன்னும் அடைக்காத முப்பது நொதிக் குப்பிகள். மூன்று மாத உழைப்பு. அக்கா கத்தவில்லை. கையை உருவிக்கொண்டு, கையுறையை வெளியே இழுத்து, கிழிசலைக் கொத்தாகச் சேர்த்து வலக்கை முஷ்டிக்குள் இறுக்கினார்.

"நான் பிடிச்சுக்கறேன். நீங்க அந்தப் பக்கக் கையுறையில கையை விட்டு ஒவ்வொண்ணா அடைங்க. பதறாதீங்கம்மா."

விஞ்ஞானியின் கையிலிருந்து இரண்டு அடைப்பான்கள் நழுவி விழுந்தன. நடுவில் அக்காவின் போன் அடித்தது, மகள். இடக்கையால் எடுத்தார். "அம்மா கையில ஒரு உயிர் இருக்குடி. அப்புறம் பேசறேன், வை."

நாற்பது நிமிடம் ஆயிற்று.

"எல்லாம் அடைச்சாச்சு. விடுங்கக்கா."

"முதல்ல இருக்குதா, போச்சான்னு பாருங்க."

விஞ்ஞானி ஒரு குப்பியை வெளியே எடுத்து, பக்கத்து மேசையிலிருந்த சோதனைக் கருவியில் பொருத்தி மின்சாரம் கொடுத்தார். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஊசிமுனை அளவில் ஒரு குமிழி. அதன் பின்னாலேயே இன்னொன்று. அப்புறம் பொலபொலவென்று எண்ண முடியாமல்.

அக்காவின் முஷ்டி விரியவில்லை, மரத்துப்போயிருந்தது. விஞ்ஞானி மண்டியிட்டு, அந்த விரல்களை ஒவ்வொன்றாக நீவிப் பிரித்தார். அக்கா அதைக் கவனிக்கவே இல்லை. இடக்கையை எட்ட நீட்டி, குப்பியின் கண்ணாடியை மெல்லத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.