வீங்கிய கைக்கு வளையல்

வளையல்காரன் பிழைப்பில் ஒரு விசித்திரம் உண்டு: அடுத்தவன் பெண்டாட்டியின் கையை அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பிடிக்கலாம், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்தைய வருஷங்களில் திருச்செங்கோட்டிலிருந்து இளம்பிள்ளை வரை நான் பிடிக்காத கை இல்லை. தோளில் சுமையோடு வாசல் வாசலாகக் கூவிப் பிழைத்தவர்களே, பார்த்ததையெல்லாம் சொன்னால் மறுநாள் நம்மை எந்த வாசலில் சேர்ப்பார்கள்?

ஜப்பான் சரக்கு

தொழிலுக்கு வந்த புதிதில், அதே பெண்கள் சந்தைக்குச் சந்தை வந்து, போட்டது உடைந்துவிட்டதென்று புது வளையல் போட்டுக்கொள்வார்கள். புருஷன் உயிரோடிருக்க, வெறுங்கையோடு இருக்கக்கூடாதே. எனக்குச் சரக்கின் மேல்தான் சந்தேகம். ஜப்பான் கண்ணாடி மட்டம் என்று முடிவுகட்டி, சேலம் செவ்வாய்ப்பேட்டை மொத்தக் கடையில் போய்ச் சண்டை பிடித்தேன். புருஷன் கை ஓங்கினால் பெண்கள் முகத்தைக் காக்கக் கையைத்தான் குறுக்கே கொடுப்பார்கள் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. கூடச் சந்தைக்கு வரும் ராக்கியண்ணன்தான் சொன்னார்: "கண்ணாடி கெட்டிதான் தம்பி. அடி அதைவிடக் கெட்டி."

அளவு தெரியாதவர்

ஒருநாள் புருஷனே வந்தார். தறிக்காரர், தங்கமான மனுஷர் என்று பேரெடுத்தவர். முந்தின நாள் பெண்டாட்டியின் வளையலெல்லாம் நொறுங்கிவிட்டதாம். எப்படி என்று நான் கேட்கவில்லை. அளவு கேட்டேன். விரல்களை வளைத்துப் பெரிதாகக் காட்டினார், அப்புறம் சின்னதாக. பிள்ளைகள் பெற்ற மனுஷர் நெற்றி வேர்க்க நின்றார். "ஏனுங்க, அந்தக் கைய நிதானமாப் புடிச்சுப் பாத்ததே இல்லீங்களே" என்றார்.

பாவாயியின் வளைகாப்பு

இளம்பிள்ளைப் பக்கம் பாவாயி என்ற பெண்ணின் வளைகாப்புக்கு என்னை அழைத்தார்கள். அவளைப் பிரசவத்துக்குக் கூட்டிப்போக அப்பாவும் வந்திருந்தார். பிள்ளை பிறந்ததும் திருப்பி அனுப்புவதுதான் வழக்கம். வலது கைக்குப் போட்டு முடித்தேன். இடது கையில் ஏறவில்லை. விளக்கெண்ணெய் தடவியும் ஏறவில்லை. மணிக்கட்டு அப்படி வீங்கியிருந்தது. "கெணத்துப் படியில வழுக்கிட்டாளுங்க" என்றார் மாமியார். எந்த வீட்டிலும் பேச்சு அதோடு முடிந்துவிடும்.

"இல்லீங்கத்தை, உங்க பையன் முறுக்குனது" என்றாள் பாவாயி. குரல் உயரவே இல்லை. பாட்டு நின்றது. அவளுக்கு இனி வசவுதான் என்று நான் தலை குனிந்துகொண்டேன். ஆனால் சந்தனக் கிண்ணம் வைத்திருந்த அம்மாள் தன் வளையல்களை மேலே தள்ளி, "எனக்கு இந்த எடம்" என்றார். பக்கத்திலிருந்தவள் முழங்கையைக் காட்டினாள். அடுத்தவள் தோளை. யாரும் அழவில்லை. கடைசியில் மாமியாரே சேலையை ஒதுக்கித் தன் புஜத்துத் தழும்பைக் காட்டினார். இத்தனை கைகளைப் பிடித்தவன், அன்றுதான் கைகளைப் பார்த்தேன்.

பாவாயி வீங்கிய கையை மடியில் வைத்துக்கொண்டாள். "வளையல்காரரே, இந்தக் கைக்கு வேண்டாமுங்க. என்னைத் திருப்பிக் கொண்டாந்து உடறதுக்கு முன்னால எங்கப்பன் இதை நல்லாப் பாக்கட்டுங்க."

அப்பா அவளைத் திருப்பி அனுப்பவே இல்லை. ஒரு கைக்கான வளையலைத் திரும்பச் சுமந்துபோன அந்த வியாபாரத்தைப் போல மனம் நிறைந்த வியாபாரம் எனக்கு வேறு வாய்க்கவில்லை.