தறிக்கூடத்து மூலையில் நின்ற சிலிண்டர்

மாரப்பண்ணன் போய்விட்டார் என்று எடப்பாடி பஸ் ஸ்டாண்டில் ஒருவர் சொன்னார். பக்கத்தில் இருந்தவர், "சிலிண்டர ஒழுங்கா வெச்சுக்கத் தெரியாமக் கெட்டாருங்க, பாவம்" என்றார். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கடற்படையில் முக்குளித்தவர் அவர். ஊர் திரும்பியபின், கிணற்றில் விழுந்த மோட்டாரை எடுப்பார். விழுந்த மனிதர்களையும் எடுப்பார். முதுகில் கட்டிக்கொண்டு மூழ்கும் காற்று சிலிண்டர்கள் இரண்டு வைத்திருந்தார். தன் வீட்டில் வெயில் அடிக்கும் என்று என் தறிக்கூடத்து மூலையில் நிறுத்தி, சாயாமல் சங்கிலி போட்டிருந்தார். "முழுசாக் காலி பண்ணீறக் கூடாது சாமி. கொஞ்சமாச்சும் காத்து உள்ள கெடக்கோணும். இல்லாட்டி ஈரம் பூந்துக்கும்" என்பார். நூறு தடவை கேட்டிருக்கிறேன்.

கேட்டும் செய்தேன். ஒரு ஐப்பசியில் தறியெல்லாம் பஞ்சு அடைத்துக் கிடந்தது. ஒரு சிலிண்டரில் மிச்சமிருந்த காற்றைத் திருகிவிட்டு ஊதினேன். பஞ்சு பறந்த வேகத்தைப் பார்த்து, சொட்டுக் காற்றில்லாமல் தீர்த்துவிட்டேன். மூடவும் மறந்தேன். மேலே ஓடு ஒழுகி, ராத்திரி மழைத் தண்ணீர் அந்தத் திறந்த வாயில் சொட்டியிருக்கிறது. மறுநாள் மூடினேன்; அவரிடம் சொல்லவில்லை. காற்று நிரப்பக் கொச்சிக்கு லாரியில் அனுப்பியதும் நானே. திரும்பி வந்து எட்டு மாதம் மூலையில் நின்றது. ஈரத்தில் பிடித்த துரு, அடைத்த காற்றிலிருந்த பிராணவாயுவைத் தின்றுவிடும் என்பது எனக்குத் தெரியாது.

அதைக் கட்டிக்கொண்டுதான் ஒரு தோட்டத்துக் கிணற்றில் இறங்கினார். கயிற்றில் பிணமாட்டம் இழுத்துப் போட்டார்கள். பிழைத்தார், கை நடுக்கம் மட்டும் போகவில்லை. தேறி வந்து, எல்லார் முன்னாலும் வால்வைக் கழற்றிக் கவிழ்த்தார். செம்மண் நிறத்தில் தண்ணீர் வந்தது. என் பக்கம் திரும்பாமலே, "எந் தப்புத்தானுங்க. பாக்காம எடுத்துட்டுப் போயிட்டேன்" என்றார். அதன்பின் அவரை யாரும் கிணற்றுக்குக் கூப்பிடவில்லை. நூல் கிடங்கில் வாட்ச்மேனாக உட்கார்ந்தார்.

எழவு வீட்டில் அவர் மனைவி என்னைத் தனியே அழைத்தார். "அந்த வால்வுல உங்க தறிப் பஞ்சு ஒட்டியிருந்துச்சாமுங்க. 'அவனாச் சொல்லுவான், நீ கேக்காத'ன்னாரு. நீங்க ஒரு நா வருவீங்கன்னே இருந்தாருங்க."

பதினோரு வருஷம். தினமும் அந்தக் கிடங்கு வழியாகத்தான் போனேன்.

அவரை அறிந்தவர்களே, மாரப்பண்ணன் கவனம் தவறியவரல்ல. திறந்துவிட்டவன் நான். அந்தச் சிலிண்டர் இன்னும் என் தறிக்கூடத்து மூலையில், அவர் போட்ட சங்கிலியோடு நிற்கிறது. அவருடையதாக என்னிடம் இருப்பது அதுவும், அவர் எனக்காகக் காத்திருந்த பதினோரு வருஷமும்.