இடுப்பில் குறைந்ததும் தராசில் குறைந்ததும்

போன செவ்வாய்க்கிழமை எங்கள் தோட்டத்துக் கண்டாக்கு ஐயாவோடு டிஸ்பென்சரிக்குப் போனேன். நடந்துதான்… நாலு மைல். அவர் முன்னால், நான் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால். மூன்று மாதத்துக்கு முன் இது நடக்குமா?

கண்டாக்கு என்றால் தேயிலை மலைகளில் ஏறி இறங்கி ஆட்களை மேற்பார்க்க வேண்டியவர். இவரோ ரோட்டில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு அங்கிருந்தே கையை நீட்டி வேலை சொல்லுவார். உடம்பு பெருத்துப் போயிற்று. தோட்டத்துத் துரை பார்த்தார். மூன்று மாதத்தில் உடம்பைக் குறைத்து, தோட்டத்து வைத்தியரான டிஸ்பென்சரிடம் சர்டிபிகேட் வாங்க வேண்டும். இல்லாவிட்டால் வேலை இல்லை, குவார்ட்டர்ஸும் இல்லை என்றுவிட்டார். வீட்டில் நாலு பிள்ளைகள்!

டிஸ்பென்சர் வீட்டுக்கே வந்து, தட்டை முன்னால் வைத்துப் பாடம் நடத்தினார்.

"பாதித் தட்டு கீரை, காய். சோறு கால் தட்டு. மிச்சத்துக்குப் பருப்பு, மீனு. தேத்தண்ணிக்குச் சீனி வேணாங்க. மோட்டார் சைக்கிளப் பூட்டிட்டு நடங்க."

"பாதித் தட்டு கீரையா? நான் என்ன மாடாங்க?" என்றார் கண்டாக்கு.

ஆனாலும் சாப்பிட்டார். நடந்தார். பயம் யாரை விட்டது?

வாராவாரம் எடை பார்க்க நாலு மைல் போவானேன்? பறித்த கொழுந்தை நிறுக்கும் மடுவத்தில் பெரிய தராசு இருக்கிறதே என்று யோசனை சொன்னவன் நான். இவர் ஏறி நிற்பார், கணக்கப்பிள்ளை எழுதுவார். மழைக்காலமும் வந்தது, எடையும் இறங்கியது. கடைசி வாரம் மொத்தம் இருபத்தோரு ராத்தல் குறைவு!

போன செவ்வாய் டிஸ்பென்சரித் தராசில் பார்த்தால்… பதினைந்துதான். மனிதருக்கு முகம் செத்துவிட்டது.

டிஸ்பென்சர் அசரவில்லை. டேப்பை எடுத்து இடுப்பை அளந்தார். ஐந்து அங்குலம் குறைவு. பின்பக்க மேட்டில் ஏறி இறங்கச் சொன்னார். மூச்சு வாங்கவில்லை.

"கொழுப்பு கரைஞ்சிருக்கு, சதை இறுகியிருக்குங்க. தராசுக்கு ரெண்டும் ஒண்ணுதான். அது எதக் கண்டுச்சு?" என்று சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போட்டார். எனக்கே நிம்மதியாக இருந்தது. இளைக்க நினைக்கும் வாசகர்களே, பெல்ட்டையும் கொஞ்சம் கவனியுங்கள். (என் பெல்ட்டைப் பற்றி யாரும் கடிதம் எழுத வேண்டாம்.)

அப்படியானால் அந்த ஆறு ராத்தல்? மறுநாள் மடுவத்தில் கணக்கப்பிள்ளை தலையைச் சொறிந்தார்.

"மழ நாளுங்களே… ஈரக் கொழுந்துக்குத் தண்ணி கழிக்கிற மாதிரி கை தானா கழிச்சிருச்சுங்க. தூறலுக்கு ரெண்டு, அட மழைக்கு ஆறு."

கண்டாக்குக்கு வந்ததே கோபம்!

"கொட புடிச்சுக்கிட்டு வந்தேன்ய்யா! இல்லாத தண்ணிய எப்பிடிய்யா கழிப்பே? என் பொழப்பே போயிருக்குமே!"

ராத்தல் கணக்கில் கூலி வாங்க, கொழுந்துக் கூடையோடு வரிசையில் நின்ற பெண்கள் சிரிக்கவில்லை. முதலில் நின்றவர் மட்டும் மெதுவாகச் சொன்னார்:

"அதத்தாங்கய்யா நாங்களும் கேக்குறோம்."