நேர்ந்துவிட்ட கன்று

கறவை மாடுகளின் மரபணுவை ஆராய்வதே என் தொழில். முன்பெல்லாம் ஒரு காளையின் தரத்தை அறிய, அதன் மகள்கள் வளர்ந்து ஈன்று பால் தரும்வரை பொறுத்திருப்போம். இப்போது கன்றின் வால்மயிர் வேரே போதும். பிறவாத மகள்களின் பாலை ஆய்வகம் முன்பே மதிப்பிட்டுவிடும்.

என் பணியின் கடைசி ஆண்டில், சென்னீர்குப்பத்துக் கொட்டகை ஒன்றின் காளைக் கன்று, அதுவரை நான் கண்ட மதிப்பீடுகளையெல்லாம் விஞ்சி நின்றது. அதைச் சினை ஊசிக்கு விந்து சேகரிக்கும் உறைவிந்து நிலையத்துக்கு அனுப்பிய பிறகே ஓய்வுபெற வேண்டும் என்று மனம் பரபரத்தது. காலைப் பதிகம் ஓதுகையில் அடிகள் தடுமாறின. முகப்பேரிலிருந்து பேருந்து ஏறிப் போய் நின்றேன்.

கன்றின் கழுத்தில் மஞ்சள் துணி கட்டியிருந்தது. கொட்டகைக்கு உரிய அம்மாள் சிரித்தார்.

"அது ஈஸ்வரனுக்கு நேர்ந்து உட்டது, டாக்டரே. மருமவ பிரசவத்துக்கு வேண்டிக்கினேன். ரெண்டு வயசுல பல்லு போட்டதும் கோயில்ல உட்டுடணும்."

"அப்புறம் எதுக்கும்மா முடி எடுக்க விட்டீங்க?"

"சாமிக்குக் குடுக்கறது நல்ல கன்னான்னு பாக்க வேணாமா? நீதான் மொத மார்க்குன்னுட்டியே!"

லாரி கழுவிக்கொண்டிருந்த அவர் மகன் திரும்பினான். "எம்மா, டாக்டரு மூஞ்சியப் பாரு. பொண்ணு இல்லன்னு சொன்ன மாப்ளயாட்டம் கீறாரு."

இறைவன் கேட்பது பூவும் நீருமே என்று நாள்தோறும் பாடுகிறவன் நான். அதைச் சொல்லியிருந்தால் அந்த அம்மாள் இணங்கியிருக்கக்கூடும். சொல் நாவின் நுனிவரை வந்தது. விடையேறும் பெருமானின் புகழைக் கொண்டு அவனுக்குரிய விடையையே பேரம் பேசுவதா? வாயை மூடிக்கொண்டேன்.

"பல்லு போடறவரிக்கும் நீ வச்சிக்கினு அப்பால குடுத்துடுவியா?" என்று அவரே கேட்டார்.

நிலையத்துக்குள் போகும் காளை உரியவரிடம் மீள்வதில்லை. "வராதும்மா" என்றேன்.

அவர் கன்றின் தாய்ப்பசுவைக் கைகாட்டினார். "அப்பன்னா அந்த மாட்டுக்கே அதே சினை ஊசியப் போடு. சாமிக்கு அண்ணன், ஒனக்குத் தம்பி."

ஒரே தாய்தந்தையின் பிள்ளைகளாயினும் மரபணுக்கள் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கலைந்தே சேர்கின்றன. தம்பி அண்ணனாக மாட்டான். அது தெரிந்தும் தலையசைத்தேன்.

"பொட்டக் கன்னாப் பொறந்தா?" என்றான் மகன்.

"அது எனக்கு!" என்றார் அம்மாள்.

பசு சினை பிடித்தது. நான் ஓய்வுபெற்றேன். பிறக்கும் கன்றைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு இனி வேறொருவருடையது. ஆயினும் பூசையை முடித்ததும் கை தானாகவே தொலைபேசியை எடுத்துவிடுகிறது.

"இன்னும் ஈனல டாக்டரே," என்கிறார் அந்த அம்மாள், நான் பேசத் தொடங்குமுன். "நீ போன் பண்ணிக்கினே இருந்தா மட்டும் அது சீக்கிரம் போட்டுடுமா?"