வலை காயும் மணலில் ஒரு பச்சைக் கட்டம்

இணையத்தில் யாரும் வரையலாம், யாரும் அழிக்கலாம் என்றிருக்கும் பொது வரைபடத்தைச் சம்பளமில்லாமல் வரையும் வேலையில் மேலதிகாரி கிடையாது, லீவு கிடையாது, திட்டுவதற்கு மட்டும் ஆள் பஞ்சமே இல்லை. வாரமெல்லாம் சிறுசேரியில் கணினி முன் உட்கார்ந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமையும் அதன் முன்னாலேயே உட்காரும் சக பாவிகளுக்கு நான் சொல்வது புரியும்.

ஏரிக்குள் வயல்

மதுராந்தகம் பக்கம் ஒரு சின்ன ஏரி. மழைக்காலத்தில் தண்ணீர், கோடையில் அதே இடத்தில் வெள்ளரிக்காய். நான் நீலத்தில் ஏரி வரைந்திருந்தேன். கல்பாக்கத்தில் வேலை பார்க்கும் நண்பர் முரளி கோடையில் போய்ப் பார்த்துவிட்டு அதன்மேலேயே வயல் வரைந்துவிட்டார். அவர் ஏரியை அழிக்க, நான் வயலை அழிக்க, கொஞ்ச நாள் இதே வேலை. கடைசியில் எங்கள் வரைபடக் கூட்டத்தின் ஒரே விதியைப் போனில் எடுத்துவிட்டார்:

"தரையில இருக்கறத வரை மச்சான். நீ நெனைக்கறத வரையாத."

அந்த விதியே பின்னால் என் கழுத்தைப் பிடிக்கும் என்று எனக்குத் தெரியாது.

காலையில் எடுத்த படம்

புதுப்பட்டினத்துக்கு வடக்கே ஒரு மீனவர் குப்பம், பக்கத்தில் ஒரு விடுதி. யாரோ ஒருவர் விடுதியின் எல்லையைப் பச்சையில் அலை வரைக்கும் இழுத்திருந்தார். குப்பத்து மணல் முழுக்க அதற்குள் போய்விட்டது. வானிலிருந்து எடுத்த படத்தைப் பார்த்து வரைந்திருக்கிறார். அது படகுகள் கடலில் இருக்கும் காலை நேரத்துப் படம். வலைகள் மதியத்துக்கு மேல்தான் மணலில் காயும். படத்தில் மணல் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

விடுதி மேனேஜர் அந்த வரைபடத்தை அச்செடுத்து, வேலி போட ஆள் பேசிவிட்டார் என்று அந்தக் குப்பத்தில் எனக்கு வழக்கமாக மீன் கொடுக்கும் ஏழுமலை அண்ணன் சொன்னார். வேலி வந்தால் வலையை விரித்துக் கிழிசல் கட்ட இடமில்லை. வலை இல்லையென்றால் குப்பத்தில் உலை இல்லை. மேனேஜரிடம் ஓடினேன். "சார், இது எங்களை மாதிரி ஆட்கள் பொழுதுபோக்காக வரைவது, பட்டா இல்லை" என்றேன். அவர் சிரித்தார்.

"நேர்ல இருக்கறதத்தானே வரைவீங்க? வேலி போட்டப்புறம் வந்து பாருங்க, மேப்பு சரியா இருக்கும்."

வெட்ட வெட்ட

வீட்டுக்கு வந்து பச்சையை விடுதியின் சுற்றுச்சுவரோடு நறுக்கினேன். மிச்ச மணலில் 'வலை காயும் இடம்' என்று வரைந்தேன். மறுநாள் அதைக் காணோம், அந்த யாரோ ஒருவர் அழித்திருந்தார். பச்சை மறுபடி அலை வரை வந்துவிட்டது. மறுபடி நறுக்கினேன், மறுபடி வளர்ந்தது. ஏழுமலை அண்ணனிடம் போய்ப் புலம்பினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"நீ கம்ப்யூட்டரு பொட்டில வரைஞ்சிகினே இரு தம்பி. நாளைக்கு காத்தால ஆளு வரான். தரையில ஆவறத நாங்க பாத்துக்கறோம்."

கம்பம் ஏற்றிய லாரி

மறுநாள் ஒரு படகும் கடலுக்குப் போகவில்லை. குப்பத்தின் வலைகள் எல்லாம், கிழிந்து மூலையில் கிடந்தவை உட்பட, விடுதிச் சுவரிலிருந்து அலை வரை விரித்துக் கிடந்தன. ஆணும் பெண்ணும் நடுவில் உட்கார்ந்து கிழிசல் கட்டிக்கொண்டிருந்தார்கள். வேலிக் கம்பங்களோடு லாரி வந்து நின்றது. யாரும் வலையை விட்டு எழுந்திருக்கவில்லை. வேலி கான்ட்ராக்டர் இறங்கி, கையிலிருந்த வரைபடத் தாளையும் மணலையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மேனேஜருக்குப் போன் போட்டார்.

"சார், பேப்பர்ல காலி எடம்னு கீது. இங்க காலு வெக்க எடமில்ல சார். நான் வண்டிய திருப்பறேன்."

தரையில் இருப்பதை வரை என்று விதி எழுதிய நாங்கள், தாங்கள் அங்கே இருப்பதைக் காட்ட ஒரு குப்பமே ஒரு நாள் சோற்றை விட்டுவிட்டு வெயிலில் உட்கார வேண்டியிருக்கும் என்பதை மட்டும் அதில் எழுத மறந்துவிட்டோம்.