அட்டனுக்குச் சாயம் ஏற்றியது

எங்கள் தேயிலைத் தோட்டத்து நாடகத்துக்கு டவுன் வரைந்த படுதா ஒன்று வேண்டியிருந்தது. மழையும் மூடுபனியுமாக, கதாநாயகன் வழி தெரியாமல் வந்து நிற்கிற ஊர். நான் வரைகிறேன் என்றேன். நாடகத்தை நடத்திய கணக்கப்பிள்ளை, கண்டியிலிருந்து அரண்மனைப் படுதா ஒன்றை வாடகைக்கு எடுத்து வைத்துக்கொண்டு, "பொம்பள வரையிறதப் பாத்து சனம் டவுனுன்னு நம்பட்டும், அப்பப் பாக்கலாம்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை கொழுந்து வேலை இல்லை. எங்கள் லயத்து வீட்டுக் காம்பராவில் மாவுப் பைகளைச் சேர்த்துத் தைத்து விரித்தேன். சுண்ணாம்பு, அடுப்புக்கரி, துணிக்குப் போடும் நீலம், இவ்வளவுதான் கையில். கலக்கக் கலக்க எங்கள் பக்கத்து அட்டன் டவுனின் மழைநாள் அப்படியே எழுந்து வந்தது. ஸ்டேஷன் கூரை, சரிந்து இறங்கும் கடைத்தெரு, பனியில் பாதி மறைந்த பஸ். ஆனால் கடைகளில் வெளிச்சம் இல்லை. வெளிச்சமில்லாத டவுன் என்ன டவுன்?

டவுனுக்குப் புறப்பட்ட என் வீட்டுக்காரரிடம், அவர்தான் கதாநாயகன், ஒரு போத்தல் சாயம் வாங்கி வரச் சொன்னேன். நன்றாகச் சிவந்திருக்க வேண்டும் என்றேன். மனுஷன் நானாவின் தேத்தண்ணிக் கடையில் ஒரு போத்தல் பால் கலக்காத வெறுந்தேத்தண்ணி வாங்கி, சூடு ஆறாமல் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து நீட்டினார். எங்கள் பக்கம் அதற்கும் சாயம் என்றுதான் பெயர். "பெயிண்டுன்னு சொல்லியிருந்தா பெயிண்டு வாங்கியிருப்பேன்" என்று நியாயம் வேறு. தேயிலைக்குள்ளேயே கிடக்கிறவளுக்கு டவுனிலிருந்து தேத்தண்ணி! நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். கேட்டுக்கொண்டே, அதே கோபத்தில், குச்சியை அதில் முக்கி ஒரு கடை ஜன்னலில் தேய்த்தேன்.

ஜன்னலில் செம்மஞ்சளாக வெளிச்சம் ஏறியது. பனிக்குள் எரியும் லாம்பு வேறு எப்படி இருக்கும்? கடை கடையாக ஏற்றினேன். சீனி போட்ட சாயம், எறும்பு மொய்த்தது. தட்டித் தட்டி ஏற்றினேன். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

நாடகத்தன்று கணக்கப்பிள்ளை அரண்மனைப் படுதாவின் கயிற்றைப் பிடித்தபடியே நின்றார். சனம் கேலி செய்தால் உடனே இறக்கிவிடுவாராம். என் படுதா விரிந்தது. என் வீட்டுக்காரர் நனைந்த கோலத்தில் வந்து சுற்றிலும் பார்த்து, எழுதிக் கொடுத்தபடியே சொன்னார்.

"ஐயோ, இது எந்த ஊரென்று தெரியவில்லையே."

"அட்டன்!" என்றது மொத்தச் சனமும்.

அவர் திகைத்துப்போய் மறுபடி சொன்னார். மறுபடியும் அட்டன். கணக்கப்பிள்ளை கயிற்றை ஆணியில் கட்டிவிட்டு முன்னால் வந்து பார்த்தார். அதற்குள் முன்வரிசையில் ஒருவர் பொறுக்கமாட்டாமல் எழுந்து, என் படுதாவைக் காட்டி, "அந்தா தெரியுதே, அதான் ஸ்டேஷனு. நேரா எறங்கிப் போங்க" என்று என் வீட்டுக்காரருக்கு வழி சொன்னார்.