ஒரே நாளில் பிறந்த நாற்பது பேர்

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு தோட்டக் கம்பெனியின் ஓய்வுநிதி அலுவலகத்தில் இருந்தேன். கடலோரத் தெங்கேராவில் ஒரு கடையின் மேல்மாடி. கடற்காற்றில் தாள்கள் படபடக்க, நான் கணினி முன் கனவு கண்டுகொண்டிருப்பேன். சம்பளமே அதற்குத்தான். அசெட் லயபிலிட்டி மாடல் வேறென்ன? கையிலுள்ள பணம் வருகிற ஒவ்வோர் ஆண்டும் எவ்வளவாகும், அந்தந்த ஆண்டில் யாரெல்லாம் ஐம்பத்தைந்தை எட்டித் தங்கள் தொகையைக் கேட்பார்கள் என்று இரண்டையும் சேர்த்து ஓடவிட்டுப் பார்ப்பது.

முதல் தடவை ஓட்டியபோது கொடுக்க வேண்டிய தொகையின் கோடு சமமாகப் போய், மூன்றாம் ஆண்டில் கோபுரமாக எழுந்தது. நாற்பது பேருக்கு ஒரே பிறந்த ஆண்டு, ஒரே ஜனவரி ஒன்று. பெயர்களைப் பார்த்தால் எல்லாம் நான் வளர்ந்த தோட்டத்து லயத்து வரிசை வீட்டுக்காரர்கள். நடுவில் என் சின்னம்மா லெட்சுமி. சிரிப்பு வந்தது. சின்னம்மா, அதே பட்டியலில் இருந்த பக்கத்து வீட்டு சரோஜா அக்காவைவிட ஆறு வயது மூத்தவர் என்று எனக்குத் தெரியாதா? நாற்பது பேருக்கும் நிஜ வயதைப் போட்டேன். கோபுரம் கரைந்து சின்ன மேடானது. அந்த வளைவை வெகுநேரம் ரசித்தேன்.

மேனேஜர் சிவநேசனுக்கும் அது பிடித்துப்போயிற்று. மொத்தமாகப் பணம் கொடுக்கும் ஆண்டே இல்லையென்றால் பெரும்பகுதியைப் பங்குகளில் போடலாம். சந்தையோ ஏறிக்கொண்டே இருந்தது. வரும் வெள்ளிக்கிழமை போர்டு கூட்டத்தில் வைப்பதாகச் சொன்னார்.

ஞாயிறன்று சின்னம்மாவைப் பார்க்கப் போனேன். ஓய்வு பெற்றதும் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். பாயா ரும்புட்டில் மலிவு வீடுகளுக்கு எல்லாருமே பெயர் கொடுத்திருந்தார்கள். ஓய்வுநிதியிலிருந்துதான் முன்பணம் கட்ட வேண்டும். எல்லாருக்கும் ஒரே சமயத்தில் எப்படி ஓய்வு வரும் என்று கேட்டேன்.

“அப்ப அடையாள கார்டு, ஐசி எழுத ஆளு வந்தப்ப மழ இருட்டிக்கிட்டு வந்துச்சு. தோட்டத்துல கணக்கெழுதுற கிராணி எல்லாத்துக்கும் ஒரே தேதியப் போட்டு அனுப்பிட்டாரு. அதான் எல்லாரும் ஒரே நாள்ல ஓய்வு லா.”

“உங்க நெச வயசு வேறயாச்சே, சின்னம்மா?”

“ஐசியில உள்ளதுதாம்மா வயசு. நெச வயசுக்கு எந்த ஆபீஸ்ல காசு குடுக்குறான்?”

திரும்பும் பஸ்ஸில், தஞ்சோங் கிளிங்கில் கடல் கூடவே வந்தது. ஆசையாகப் பார்க்கும் கடல்தான், அன்று கண்ணில் படவில்லை. பணம் பங்கில் மாட்டிக்கொண்டால் நாற்பது குடும்பமும் வீடில்லாமல் நிற்கும். நான் போட்ட நிஜ வயதுதான் காரணமாக இருக்கும்.

திங்கள் காலை மேனேஜரிடம் ஒப்புக்கொண்டேன்.

“உனக்குத் தெரிஞ்ச ஆளுங்கன்னு அவங்க வயச நீயே மாத்திட்டியாம்மா?” என்றார். தலையாட்டினேன். வெட்கத்தில் அழுகை முட்டியது. வளைவு இருந்த தாளை என் பக்கம் தள்ளி, “வெள்ளிக்கு முன்னாடி சொன்ன, அதுவரைக்கும் சரி. கோபுரத்தத் திரும்பக் கொண்டா” என்றார்.

நாற்பது பேரின் பணம் மட்டும், அவர்கள் ஓய்வுக்கு முந்திய டிசம்பரில் முதிரும் வைப்புநிதிக்குப் போனது. மீதி பங்குகளுக்கு. அந்த டிசம்பர் வருவதற்குள் சந்தை சரிந்து, பங்குகள் பாதியாகின. நாற்பது காசோலைகளும் குறைவில்லாமல் போய்ச் சேர்ந்தன.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன்: தெரிந்தவர்கள் கணக்கில் வந்தால், உங்களுக்குத் தெரிந்ததை வைத்துத் திருத்தாதீர்கள். போய்க் கேளுங்கள்.

அந்த ஜனவரி ஒன்றாம் தேதி கேக் வாங்கிக்கொண்டு லயத்துக்குப் போனேன். அவர்களில் யாரும் அதுவரை பிறந்தநாள் கொண்டாடியதில்லை. நாற்பது பேரும் சுற்றி நிற்க, சின்னம்மா கத்தியைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டார்: “எங்களுக்கெல்லாம் என்ன வயசும்மா இன்னிக்கு?”

ஒவ்வொருவரின் நிஜ வயதும் எனக்குத் தெரியும்.

“அம்பத்தஞ்சு” என்றேன்.